கொடியில் காய்ந்த கடிதங்கள்

திருவண்ணாமலை,
3.9.1997

வேதாவுக்கு,

நலம். நீயும் எழிலும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன். நான் நலமாக இல்லை.

வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்து எழுதத்தான் பார்த்தேன். முடியவில்லை. எழிலின் மூன்று சக்கர சைக்கிள், நீங்கள் கிளம்பிய அன்று எங்கே நின்றதோ அங்கேயே, ஹால் நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போய் வருகிறேன். நகர்த்தலாம். நகர்த்தவில்லை. அதனால் இதை ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் இருக்கும் என் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த அறைதான். ஒரு மேஜை, மருந்தும் தாளும் வைக்கும் அலமாரி, சட்டை மாட்ட ஆணி. தியேட்டர் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஜன்னலை ஒட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்தில், பேச ஆள் இல்லை என்பது அவ்வளவாக உறைப்பதில்லை.

சண்டையை மறுபடி இழுக்க எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு எழிலுக்கு இளைப்பு ஜாஸ்தியாகி, நீ அவளை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தாய். நான் டியூட்டியிலிருந்து ஓடி வந்தேன். உன் அப்பா ஊரிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழந்தையைத் தூக்கக் கை நீட்டினேன். நீ சொன்னாய்: "கிட்ட வராதீங்க. உங்க மேல நாத்தம் அடிக்குது."

நாம் இருவர் மட்டும் இருந்திருந்தால் சிரித்துவிட்டுக் குளிக்கப் போயிருப்பேன். அவர் இருந்தார். உன்னைப் பெண் கேட்டு வந்த அன்று என்னை வாசலோடு நிறுத்தி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசி அனுப்பிய மனிதர். எங்கள் தெருவில் பிறந்தவன் என்ன சோப்பு போட்டாலும் போகாத வாடை ஒன்று உண்டு என்பது அவர் கணக்கு. நாம் அவரைக் கேட்காமல் கல்யாணம் செய்து, பேத்தி பிறந்து, இப்போதுதான் நம் வீட்டுப் படி ஏறியிருந்தார். ஐந்து வருடம் கழித்து அவர் கணக்கு சரி என்று அவர் மகளே சொல்லிவிட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதுதான் பேச்சு.

மறுநாள் அவரோடு பஸ் ஏறினாய். குழந்தைக்குக் காற்று மாற வேண்டும் என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். நீ அவள் மூச்சுக்காகப் போனாயா, அந்த வார்த்தைக்காகப் போனாயா? ஒரு வரி எழுது, போதும்.

புகழேந்தி


கரையாம்பாடி,
15.9.1997

எழில் அப்பாவுக்கு,

ஒரு வரி போதும் என்று கேட்க இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் ஒரு வரியா? சரி, அந்த ஒரு வரி: மூச்சுக்காகத்தான் வந்தேன். இனி என் பங்குக்கு நானும் எழுதுகிறேன்.

எழில் நன்றாக இருக்கிறாள். கன்றுக்குட்டி பின்னால் ஓடுகிறாள், விழுகிறாள், மறுபடி ஓடுகிறாள். இளைப்பு இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு நாள் மட்டும் வந்தது, போளூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இப்போது சரியாகிவிட்டது, பயப்பட வேண்டாம். கடிதத்தை முழுசாகப் படிக்க எனக்குச் சில நாள் ஆனது. அது வேறு கதை.

நாத்தம் என்று சொன்னேன், இல்லை என்று சொல்லமாட்டேன். உங்கள் சட்டையைச் சொன்னேன். வாரா வாரம் சனிக்கிழமை கிருமி சாக தியேட்டரை அடைத்து ஃபார்மலின் புகை போடுகிறீர்களே, அதன் நாத்தம். நீங்கள் தெருமுனை திரும்பும்போதே எனக்குக் கண் எரியும். வெங்காயம் உரிக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்பீர்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் உங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மூச்சை இழுத்து, "ஆஸ்பத்திரின்னா இப்படி வாசன அடிக்கணும், அப்பதான் சுத்தம்" என்பார்கள் என்று பெருமையாகச் சொல்வீர்கள். சுத்தம்தான். அதற்காக என் பிள்ளை தினம் தினம் சுத்தத்தைச் சுவாசிக்க வேண்டுமா?

அப்பா உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டேன். அது தப்பு. ஆனால் மடியில் குழந்தை மூச்சுக்குத் தவிக்கும்போது, எந்த வார்த்தை யார் காதில் எப்படி விழும் என்று பார்த்துப் பேச எனக்கு வராது.

நீங்கள் மட்டும் என்ன? அந்தச் சட்டையைக் கழற்றாமலே போய் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் பஸ் ஏறும்போது "போகாதே" என்று ஒரு வார்த்தை வரவில்லை. பையை மட்டும் தூக்கிக் கொடுத்தீர்கள். கனமான பை, உதவியாகத்தான் இருந்தது.

வேதா


திருவண்ணாமலை,
6.10.1997

வேதாவுக்கு,

உன் கடிதத்தை நம்பத்தான் இருந்தேன். சட்டையைத்தான் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழிலுக்கு மருந்தும் ஒரு பொம்மையும் வாங்கி, உங்கள் ஊர்ப்பக்கம் காதுகுத்துக்குப் போன எக்ஸ்ரே முருகையனிடம் கொடுத்து அனுப்பினேன். கொடுத்துவிட்டு வந்தவன் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவனாகவே வந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க லெட்டர் மாட்டுக் கொட்டாய் பக்கம் கொடியில தொங்குச்சி. கிளிப்பு போட்டு மாட்டியிருக்காங்க. ஏன்னு கேட்டேன். அத உள்ள சேக்க வேணாம்னுதான் வெளிய போட்டிருக்குன்னு பெரியவரு சொன்னாரு."

அது வேறு கதை என்று எழுதியிருந்தாயே, கதை எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கு என்று தனி டம்ளர் உண்டு. கூரை வாரையில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நாமே எடுக்க வேண்டும், குடித்ததும் நாமே கழுவி நாமே மாட்ட வேண்டும். என் அப்பாவுக்கு அவர் அப்பா வைத்த பெயர் சக்கரவர்த்தி. சக்கரவர்த்தியின் டம்ளர் காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். படித்து, வேலைக்கு வந்து, உன்னைக் கல்யாணம் செய்து, அந்த டம்ளரை மறந்துபோயிருந்தேன். முருகையன் சொன்னபோது, கொடியில் என் கடிதம் ஆடுவது கண்முன் தெரிந்தது.

ஒரு தாளைக்கூட வீட்டுக்குள் சேர்க்க முடியவில்லை என்றால் நான் எந்த வழியாக வருவது? இனி எழுதமாட்டேன். எழிலிடம் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல். நாத்தம் என்று மட்டும் சொல்லாதே.

புகழேந்தி


கரையாம்பாடி,
14.10.1997

எழில் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அழுதுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது எழிலை மடியில் வைத்துக்கொண்டுதான் உறையைப் பிரித்தேன். அப்பா எழுதியிருக்கிறார், கேள் என்று சொன்னேன். பிரித்ததும் குப்பென்று முகத்தில் அடித்தது. உங்கள் அறை அலமாரியில் ஃபார்மலின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில்தானே தாளையும் உறையையும் வைக்கிறீர்கள்? அந்த வாடை முழுதும் உறைக்குள் அடைந்து வந்திருக்கிறது. என் கண்ணில் நீர் கொட்டியது. குழந்தை தும்மினாள், இருமினாள், கொஞ்ச நேரத்தில் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. உங்கள் கடிதமா, அன்றைக்குக் களத்தில் தூற்றிய நெல் தூசியா, எது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பயந்துவிட்டேன். கடிதத்தைக் கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தும் உள்ளே எடுத்துவர தைரியம் வரவில்லை. கொடியில் மாட்டினேன். வெயிலில் காய்ந்து, காற்றில் ஆடி, வாடை போகட்டும் என்று. சமையல் செய்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வெறும் காகிதம்தான் தெரியும், எழுத்து தெரியாது. பக்கத்தில் போய் மூக்கை வைத்துப் பார்ப்பேன், இன்னும் இருக்கும். திரும்பி வந்துவிடுவேன். புருஷன் என்ன எழுதியிருக்கிறான் என்று தெரியாமல் கொடியையே பார்த்துக்கொண்டிருந்த பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். படித்து முடித்த பிறகும் உள்ளே வைக்கப் பயந்து அங்கேயே மாட்டி வைத்தேன், முருகையன் பார்த்தது அதைத்தான்.

இரண்டாவது கடிதத்தையும் அப்படித்தான் காயவைத்துப் படித்தேன். சூடாக எழுதியிருந்தீர்கள். எனக்கு ஆறிப்போய்த்தான் கிடைத்தது. ஆறினாலும் சுட்டது.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கொடியில் மாட்டிய அன்று அவர் பார்த்தார். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. இருக்க இடம் கொடுத்தவரிடம், அதுவும் பிள்ளை அப்போதுதான் மூச்சு விட ஆரம்பித்த நேரத்தில், வாயைத் திறக்க முடியவில்லை. நான் மருந்து வாடைக்காகச் செய்ததை அவர் ஜாதிக்காகச் செய்ததாக எடுத்துக்கொண்டார். நீங்களும் அதையேதான் எடுத்துக்கொண்டீர்கள். ஒத்துப்போகாத இரண்டு பேருக்கு நடுவில் நான் மாட்டியிருக்கிறேன் என்று இவ்வளவு நாள் நினைத்தேன். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் இருவரும் ஒரே பக்கம்.

எழுதமாட்டேன் என்று சொல்லாதீர்கள். அந்த அறையில் உட்கார்ந்து எழுதாதீர்கள், அவ்வளவுதான். டம்ளரைப் பற்றி ஐந்து வருடத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம்.

வேதா


(அஞ்சலட்டை)

கரையாம்பாடி,
27.11.1997

எழில் அப்பாவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், பாவம், என் முகத்தைப் பார்க்கச் சங்கடம். கார்டில் எழுதுகிறேன், யார் படித்தாலும் படிக்கட்டும். எழில் உங்களைக் கேட்கிறாள். தீபத்தன்று மொட்டைமாடியில் ஏறினால் மலை உச்சியில் ஒரு பொட்டு மாதிரி வெளிச்சம் தெரியும். அதற்குக் கீழேதான் அப்பா இருக்கிறார் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் நலமா என்று மட்டும் எழுதுங்கள்.

வேதா


திருவண்ணாமலை,
17.12.1997

அன்புள்ள வேதா,

இதைத் தலைமைத் தபால் நிலையத்தில், கயிற்றில் கட்டிய பேனாவால் எழுதுகிறேன். தாளும் உறையும் இங்கேயே வாங்கியது. புதுச் சட்டை போட்டிருக்கிறேன். காயவைக்காமல் படிக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் என் நினைப்பை நம்பாதே, முதலில் நீ வெளியே வைத்து முகர்ந்து பார். ஏன் என்று சொல்கிறேன்.

உன் அக்டோபர் கடிதத்தைப் பல முறை படித்தேன். கெட்டிக்காரத்தனமாகக் கதை கட்டியிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. கடிதத்தில் வாடை அடிக்குமா? அந்த அறையில் பத்து வருடம் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாத வாடையா? அதனால் பதில் எழுதவில்லை.

தீபத்தன்று ஊரே மலையைச் சுற்றப் போய்விட்டது. எனக்கு லீவு. நீ எடுத்து வைத்திருந்த அகல்களைக் கழுவி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். உச்சியில் ஏற்றுவதைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். அந்த வெளிச்சத்தை நீயும் எழிலும் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற நினைப்பு. பாலை மறந்தேபோனேன். அது பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

மலையில் தீபம் தெரிந்தது. தெருவில் எல்லோரும் கும்பிட்டுவிட்டு விளக்கேற்றப் போனார்கள். நானும் உள்ளே வந்து தீப்பெட்டியை எடுத்தேன். முதல் குச்சி நமுத்துப்போய் எரியவில்லை. அடுத்ததை எடுத்தபோது பக்கத்து வீட்டுக் காசியம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"குச்சியக் கீழ போடுப்பா. தெரு பூரா கேஸ் நாத்தம் அடிக்குது, உள்ள நிக்கிற உனக்குத் தெரியலியா?"

போட்டேன். அவரே ஓடி வந்து அடுப்பை அடைத்தார், ஜன்னலைத் திறந்தார், பால் தீய்ந்த நாத்தம் வேறு என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு இரண்டும் தெரியவில்லை, வேதா. இருமல் வந்தது, அவ்வளவுதான்.

நாத்தம் என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. மூக்கைப் பொத்தினார், அப்போதும் வரவில்லை. அந்த வார்த்தைக்குச் சாதாரணமாக என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்திலும் ஒருவர் சொல்லலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் போனதும் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். கற்பூரத்தை முகர்ந்தேன். கடைசியில் பீரோவிலிருந்து எழிலின் கவுனை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். துணி மெத்தென்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. எவ்வளவு நாளாக இல்லை என்றும் தெரியவில்லை. ஒரே நாளில் போயிருந்தால் தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

மூக்கு டாக்டரிடம் போனேன். என்ன வேலை என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், ஆனால் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு வரும் என்று எதிர்பார்க்காதே என்றார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் சொன்னேன். ஃபேனுக்குக் குழாய் வைத்து உயரத்தில் விடலாம், எனக்கு வேறு அறை கொடுங்கள் என்றேன். பின்சந்தில் எல்லா வீட்டு ஜன்னலும் எந்நேரமும் சாத்தியே இருக்கும். கொசுவுக்குப் பயந்து என்று நினைத்திருந்தேன். நம் ஃபேனுக்குப் பயந்து என்று இப்போது தெரிகிறது, அதையும் சொன்னேன். "வாசன இல்லன்னா ஜனங்க நம்பமாட்டாங்க புகழ்" என்றார். அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

வேலையை விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த இடம் எனக்கு என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும். தியேட்டருக்குள் எல்லோருக்கும் ஒரே பச்சை உடுப்பு, ஒரே முகமூடி. கத்தரி கேட்டுக் கை நீட்டும் டாக்டர் அதைக் கொடுக்கும் கை எந்தத் தெருக்காரனது என்று பார்க்கமாட்டார். அப்படி ஓர் இடம் எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. அங்கேயே என் மூக்கைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீ சொன்னதை நான் நம்பவில்லை. உன் அப்பாவின் துண்டை நம்பினேன். உன்னோடு குடும்பம் நடத்தியது நான், ஆனால் உன் பேச்சுக்கு அர்த்தம் அவரிடம் கேட்டுக்கொண்டேன். 

ஒன்று கேட்கிறேன். எழிலின் தலை என்ன வாசனை அடிக்கும் என்று எழுது. எனக்கு ஞாபகம் வரவில்லை.

புகழேந்தி


கரையாம்பாடி,
29.12.1997

அன்புள்ள எழில் அப்பாவுக்கு,

இரண்டாவது குச்சியை எடுத்தேன் என்று நீங்கள் எழுதிய இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். காசியம்மாள் அம்மாவிடம் நான் வந்து காலில் விழுகிறேன் என்று சொல்லுங்கள். வம்பு பேசுகிறார் என்று அவரோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தவள் நான்.

அந்த நேரத்தில் நாங்கள் மாடியில்தான் இருந்தோம். வெளிச்சம் தெரிந்தது. எழில் கையை ஆட்டினாள். நீங்கள் உள்ளே தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்திருக்கிறீர்கள்.

கடிதத்தில் வாடை ரொம்பக் கம்மி. புதுச் சட்டையாக இருந்தாலும் பை பழசு போலிருக்கிறது. ஒரு மத்தியானம் காயவைத்தேன், போதுமாக இருந்தது.

அவள் தலை வாசனையா? காலையில் எண்ணெய் வாசனை, அதோடு கொஞ்சம் தூக்க வாசனை. மத்தியானம் வெயிலும் வியர்வையும், நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி. சாயங்காலம் மாட்டுக் கொட்டாயும் புழுதியும். குளித்தபின் சீயக்காய். கழுத்து மடிப்பில் மட்டும் எந்நேரமும் பால் வாசனை, அதில் மட்டும் அவள் இன்னும் வளரவில்லை. இதைப் பார்த்து எழுத அவளைப் பிடித்து வைத்து முகர்ந்தேன். கூச்சத்தில் சிரித்து ஓடிவிட்டாள்.

அப்பாவிடம் பேசினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கொடியில போட்டது மருந்து வாடைக்காகப்பா. நீங்க நெனச்சதுக்காக இல்ல. இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்குத் தெரியாதா" என்றார். தெரியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.  பிறந்த வீட்டிலும் விருந்தாளியாக இருக்கிறேன்.

வா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் வந்திருக்கமாட்டேன். வந்தால் மறுபடி சனிக்கிழமை வரும், சட்டை வரும், எழிலுக்கு நெஞ்சு விசிலடிக்கும். அந்தப் பச்சை உடுப்பு உங்களுக்கு எவ்வளவு பெரிசு என்று படித்தபின் அதை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பிள்ளையையும் அந்த அறையையும் ஒரே வீட்டுக்குள் வைக்க என்னால் முடியாது. யோசியுங்கள். அவசரப்படுத்தமாட்டேன்.

வேதா


வேங்கிக்கால்,
9.3.1998

அன்புள்ள வேதா,

இரண்டு மாதம் யோசித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். இரண்டு மாதம் பயந்தேன். போன மாதம் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டேன்.

ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் ஒரு சின்னக் கண் கிளினிக்கில் சேர்ந்திருக்கிறேன். வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரும் ஊரும் எழுதுவது, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது. ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். வெள்ளைக்காரர்கள் நமஸ்காரம் சொல்லிவிட்டு வருகிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் என் ஊரைக் கேட்கிறார்கள். "எந்த ஊருப்பா நீ? அங்க எந்தப் பக்கம்?" முகமூடி இல்லை. சொல்லிவிடுகிறேன். சிலர் கண்ணை மூடிக்கொண்டு சொட்டு மருந்துக்குக் காட்டுகிறார்கள், சிலர் டாக்டரே விடட்டும் என்கிறார்கள். முதல் நாள் அந்தக் கேள்வி உறைத்தது. இப்போது அவ்வளவாக இல்லை.

பழைய இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டார். சட்டையை அந்த ஆணியில் மாட்டாதே, உட்கார்ந்து எழுத வேறு இடம் பார்த்துக்கொள் என்று போய்ச் சொன்னேன். சிரித்தார். ஃபேன் அப்படியே ஓடுகிறது. சந்து ஜன்னல்களும் அப்படியே.

மூக்கு வரவில்லை. வராது என்றே வைத்துக்கொள்ளலாம். காலையில் பால் வைத்தால் அடுப்பை விட்டு நகர்வதில்லை, காவல்காரன் மாதிரி நிற்கிறேன். நீ எழுதிய எழிலின் தலை வாசனையைப் படிக்கிறேன். படிக்கும்போது வருவது மாதிரி இருக்கிறது.

திரை, மெத்தை உறை, போர்வை எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தியேட்டருக்குப் போட்டுப்போன சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். ஒன்றே ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. வேண்டாம் என்றால் எறிந்துவிடுகிறேன். வீட்டில் வாடை எதுவும் இல்லை என்று காசியம்மாளை உள்ளே கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். மூலை மூலையாகப் போய் முகர்ந்துவிட்டு, "சுண்ணாம்புதான்பா அடிக்குது, வேற ஒண்ணும் இல்ல. பொண்டாட்டியக் கூப்புடு" என்றார்.

கூப்பிடுகிறேன். வா, வேதா. அன்றைக்கு "போகாதே" என்று சொல்லாததற்கும் சேர்த்துச் சொல்கிறேன், வா.

எழிலின் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். ஹால் நடு இப்போது காலியாக இருக்கிறது. பழக்கத்தில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

உன்
புகழேந்தி


கரையாம்பாடி,
17.3.1998

அன்புள்ள எழில் அப்பாவுக்கு,

தபால்காரர் கடிதத்தை நீட்டியதும் எழில் பிடுங்கிக்கொண்டு மாட்டுக் கொட்டாய்க்கு ஓடினாள். கொடி எட்டவில்லை, கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு குதிக்கிறாள். அப்பா கடிதம் என்றால் முதலில் காய வேண்டும் என்பது அவளுக்குப் பாடமாகியிருக்கிறது. நான் போய் வாங்கி அங்கேயே பிரித்தேன். முகர்ந்து பார்த்தேன். தாள் வாசனை, கோந்து வாசனை, கொஞ்சம் சுண்ணாம்பு. கண் எரியவில்லை. அப்படியும் கண்ணில் நீர் வந்தது.

கொடியில் மாட்டவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோய், அப்பா உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டி, எழிலை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன். அவருக்கும் கேட்கட்டும் என்றுதான். அவர் எழுந்து போகவில்லை. சொட்டு மருந்தை டாக்டரே விடட்டும் என்கிறார்கள் என்று நீங்கள் எழுதிய இடம் வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது, கூட்டிச் சொல்லமாட்டேன்.

படித்து முடித்ததும் எழில் தாளைக் கேட்டாள். வாங்கி முகத்தில் வைத்து முகர்ந்தாள். திருப்பி வைத்தும் முகர்ந்தாள். என்னிடம் நீட்டி, "இது அப்பா இல்ல" என்றாள்.

அப்பா எழுதியதுதான்டி என்றேன்.

"அப்பா வாசன இல்லியே."

 அவள் நெஞ்சை அடைத்த அந்த வாடைதான் இத்தனை மாதமாக அவளுக்கு அப்பா. நான் அதை நாத்தம் என்றேன், நீங்கள் அதைக் கேட்டு நொந்தீர்கள். அவள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. நீங்கள் கொடியில் தொங்கியபோதெல்லாம் அவள் கீழே போய் நின்றுகொண்டிருந்தது காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். நான்தான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். ஸ்டாண்டில் நில்லுங்கள். பை இந்தத் தடவையும் கனமாகத்தான் இருக்கும்.

இறங்கியதும் அவள் உங்களை முகர்ந்து பார்ப்பாள். அப்பா இல்லை என்று என் பின்னால் ஒளிந்தாலும் ஒளிவாள். பரணில் கட்டி வைத்திருக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு வரலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கே தோன்றியது. வேண்டாம். வெறும் ஆளாக வாருங்கள். அவள் பெயரைச் சொல்லி, பழையபடி இழுத்துக் கூப்பிடுங்கள். குரலை மறந்திருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

உங்கள்
வேதா